கண் மருத்துவமனையை வளர்க்க ஒரு நாற்பது பக்க நோட்டு

சங்கரன்கோவிலில் நான் கண் மருத்துவமனை தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகத் தொடங்கும் இளம் மருத்துவர்கள் என்ன கருவி வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப், கண்ணாடிப் பவரைக் கணிக்கும் ரெட்டினோஸ்கோப், கண் அழுத்தம் பார்க்கும் கருவி மூன்றையும் நல்லதாக வாங்குங்கள், மற்றதற்கு முதல் வருடமே கடன் வாங்காதீர்கள் என்பேன். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு.

நாம் எழுதிய கண்ணாடி சரியில்லை என்று யார் திரும்பி வந்தாலும் அந்த நோட்டில் ஏற வேண்டும்: தேதி, குறை, காரணம். “போட்டுப் பழகினால் சரியாகிவிடும்” என்று அனுப்பிவைத்தால் அவர் மறுபடி நம்மிடம் வரமாட்டார். டீக்கடைக்குப் போவார். அங்கே பேச்சு நம்மைப் பற்றித்தான்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பவர் ஒரு தையல்காரர், அறுபதைத் தாண்டியவர். தூரப் பார்வையில் குறையில்லை. வெள்ளெழுத்துக்கு ப்ளஸ் 2.50 எழுதினேன். அட்டையில் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார். நான்காம் நாள் வந்து நின்றார்.

“பேப்பர் படிக்க முடிகிறது டாக்டரம்மா. ஊசிதான் தெரியவில்லை. குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது.”

மறுநாள் அவர் கடைக்கே போனேன். மெஷினில் உட்காரச் சொல்லி, அவர் கழுத்தில் கிடந்த டேப்பை வாங்கிக் கண்ணிலிருந்து ஊசிவரை அளந்தேன். 58 செ.மீ. ப்ளஸ் 2.50 என்பது 40 செ.மீ. தூரத்துக்கான பவர்; தூரம் கூடினால் பவர் குறைய வேண்டும். 1.75-க்கு இன்னொரு கண்ணாடி எங்கள் செலவில் போட்டுக் கொடுத்தோம். பேப்பருக்குப் பழையது, தையலுக்குப் புதியது. அந்தத் தெருவிலிருந்து அதன்பின் எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சீட்டில் வயதுக்குக் கீழே ‘வேலை, தூரம்’ என்று ஒரு வரி இருக்கிறது. பொடி வைத்து ஊதும் நகைத்தொழிலாளிக்குக் கண்ணருகே தெரிய வேண்டும். பூக்கட்டும் அம்மாளுக்கு மடியில் தெரிய வேண்டும். அட்டையை நாமே ஓரிடத்தில் பிடித்துக் காட்டாமல், வேலை செய்வதுபோல் உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

நோட்டு நிரம்ப நிரம்ப மற்ற காரணங்களும் தெரிந்தன. சர்க்கரை எகிறிக் கிடக்கும் நாளில் எழுதிய பவர், அது இறங்கியதும் மாறிவிடும். கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைக்கட்டும் என்று திருப்பி அனுப்புங்கள். அன்றைய வியாபாரம் போகும், போகட்டும். பிள்ளைகளுக்குக் கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடாமல் பவர் எழுதாதீர்கள். பழைய கண்ணாடியின் பவரைப் பார்க்காமல் புதியதை எழுதாதீர்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் கண்ணாடி என்றால், தேர்ந்தெடுத்த ஃபிரேமை முகத்தில் மாட்டிய பிறகே கண்மணியின் உயரத்தைக் குறிக்க வேண்டும்.

இத்தனையையும் மருத்துவர் ஒருவரே செய்ய முடியாது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை வளர்ந்ததற்கு, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்வைப் பரிசோதனைவரை ஒப்படைத்தது ஒரு பெரிய காரணம். என்னிடம் இருப்பவர்கள் இரண்டே பெண்கள். நோட்டை எழுதுவது அவர்கள்தான். என் தவறுகளும் அதில் இருக்கின்றன, அவற்றை நான் அடிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம் குறைவு. அப்போது அந்த இரண்டு பெண்களும் போன வருடம் வந்த சர்க்கரை நோயாளிகளை அழைத்து விழித்திரைப் பரிசோதனையை நினைவூட்டுகிறார்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், பைக்கில் வராதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்களிடம், உடன்பிறந்தவரையே துணைக்கு அழைத்து வரச் சொல்லுகிறோம்; குடும்பத்தில் தொடரக்கூடிய, பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும் அந்த நோய்க்குத் தானாக யாரும் வருவதில்லை. மருந்து வேலை செய்யும் அரை மணி நேரம் துணைக்கு வந்தவர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். “அண்ணாச்சி, உங்களுக்கும் அழுத்தம் பார்த்துவிடலாமா?” என்று கேட்க அந்தப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.