போர் தண்ணீரில் ஆர்கானிக் ஆசிட்: கோழிக்கு எத்தனை மி.லி. கலப்பது?

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் முழுதாக நிறுத்தியது. இந்தியாவில் 2019 ஜூலையில் கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் தடையானது. அந்த இடத்துக்கு முதலில் வந்து நிற்பது ஃபார்மிக், புரோப்பியானிக் போன்ற ஆர்கானிக் ஆசிட் (கரிம அமிலம்). கேன் மேல் 'லிட்டருக்கு இவ்வளவு' என்று ஒரே அளவு அச்சிட்டிருக்கும். உப்பு ஏறிய கொங்குப் பக்கத்துப் போர் தண்ணீருக்கு அது பெரும்பாலும் பத்தாது.

ஏன் பத்தாது? தண்ணீரில் அயனிகளாகப் பிரியாமல் முழுதாக இருக்கும் ஆசிட்தான் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகளின் சுவரைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே போய்ப் பிரிந்து கிருமியைப் புளிக்கவைக்கும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளியே கிருமி சோர்ந்துவிடும். பி.எச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச் 4-ல் ஃபார்மிக் ஆசிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரியாமல் இருக்கும். பி.எச் 6-ல் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றியும் பி.எச்சை இறக்கலாம், ஆனால் இந்த வேலை நடக்காது.

1. வாங்க வேண்டியவை

பேனா மாதிரி பி.எச் மீட்டர், அதைச் சரிபார்க்க 4 மற்றும் 7 பஃபர் கரைசல் (பி.எச் மாறாத கரைசல்), 2 மி.லி. சிரிஞ்ச், 10 லிட்டர் வாளி, ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பி.எச் தாள் இதற்கு வேண்டாம், 4-க்கும் 5-க்கும் நிறம் பார்த்துச் சண்டைதான் வரும். மீட்டரை 7-ல் மட்டும் சரிபார்த்துவிட்டு 4-ல் வரும் எண்ணை நம்பக் கூடாது.

ஆசிட் தீவனத் தரத்தில் இருக்க வேண்டும். கன்னியாகுமரியில் ரப்பர் பால் உறையவைக்கும் அதே ஃபார்மிக் ஆசிட்தான் இது என்றாலும், மலிவு என்று அந்தத் தொழிற்சாலைச் சரக்கைக் கோழிக்கு ஊற்றாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அமோனியம் ஃபார்மேட் சேர்ந்த கலவை நல்லது. மி.லி. கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் கையையும் இரும்பையும் அவ்வளவாக அரிக்காது.

2. வாளிச் சோதனை

பலரும் தடுக்கி விழும் இடம் இது. போரை 5 நிமிடம் ஓடவிட்டு வாளியில் 10 லிட்டர் பிடியுங்கள். ஒவ்வொரு மி.லி.யாக ஆசிட் விட்டு, கலக்கி, சில நிமிடம் பொறுத்து மீட்டரைப் பாருங்கள். அல்கலினிட்டி (ஆசிட்டை முறிக்கும் திறன்) 300 பி.பி.எம் உள்ள தண்ணீரில் 85% ஃபார்மிக் ஆசிட் விட்டால் பி.எச் ஏறத்தாழ இப்படிப் போகும்:

1 மி.லி.: 6.5
2 மி.லி.: 6
3 மி.லி.: 4.7
4 மி.லி.: 4.1
6 மி.லி.: 3.7

முதல் இரண்டு மி.லி.க்குப் பெரிதாக அசையவில்லையே என்று ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். தண்ணீரில் உள்ள பைகார்பனேட் தீரும்வரை ஆசிட்டைத் தின்றுகொண்டே இருக்கும். தீர்ந்ததும் பி.எச் சரிந்து விழும். இன்னொரு தவறு, 6 வந்ததும் போதும் என்று நிறுத்துவது. அங்கே நின்றால் கிருமிக்கும் ஒன்றும் ஆகாது, குழாய்க்குள் ஈஸ்ட் வளர்ந்து வழவழப்புக் கட்டும். நிறுத்த வேண்டிய இடம் 4-க்கும் 4.5-க்கும் நடுவில். 3.5-க்குக் கீழே போனால் கோழி தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும், தீவனமும் கூடவே குறையும்.

அல்கலினிட்டி இரட்டிப்பானால் ஆசிட்டும் இரட்டிப்பாகும். மழைக்குப் பிறகும், லாரித் தண்ணீருக்கு மாறினாலும் மறுபடி வாளியை எடுங்கள்.

3. கலப்பது

வாளிக்கு 4 மி.லி. என்றால் 1000 லிட்டர் டேங்குக்கு 400 மி.லி. 1% டோசர் (100 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர் மருந்துக் கரைசலைத் தானாகச் சேர்க்கும் கருவி) வைத்திருந்தால் அதே 400 மி.லி.யை 9.6 லிட்டர் தண்ணீரில் விட்டு ஸ்டாக் (அடர் கரைசல்) போடுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. மேலே பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அதே ஸ்டாக்கில் பிளீச்சிங் பவுடரோ குளோரினோ சேரவே கூடாது, விஷ வாயு கிளம்பும்.

4. லைன்

பழைய லைனில் (கோழிக்குத் தண்ணீர் போகும் குழாய்) ஆசிட் போனதும் உப்புப் படிவும் பாசியும் உரிந்து வந்து, கோழி குடிக்கும் நிப்பிளை அடைக்கும். குஞ்சு இறங்குவதற்கு முன்பே, ஷெட் காலியாக இருக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு கழுவி அலசிவிடுங்கள். ஆசிட் ஓடத் தொடங்கியதும் கடைசி நிப்பிளில் பி.எச் பாருங்கள். டேங்கில் 4.1, அங்கே 5.5 என்றால் படிவு இன்னும் இருக்கிறது, ஆசிட்டை அதுதான் குடிக்கிறது. ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் துத்தநாகம் அரித்துத் தண்ணீரில் சேரும். பி.வி.சி.க்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

5. எப்போது

முதல் வாரம், தீவனம் மாற்றும் நாட்கள், விற்பனைக்குக் கோழி பிடிப்பதற்கு முன் தீவனத்தை நிறுத்தும் நேரம். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். பசித்த கோழி கூளத்தைக் கொத்தும், கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் சால்மோனெல்லா சேரும்.

லசோட்டா, கம்போரோ தடுப்பூசிகளைத் தண்ணீரில் கொடுப்பதற்கு 2 நாள் முன்பே ஆசிட்டை நிறுத்தி லைனை அலசுங்கள். கொடுத்த மறுநாள் வரைக்கும் சாதாரணத் தண்ணீர்தான். இல்லையென்றால் தடுப்பூசி வைரஸ் லைனிலேயே செத்துவிடும். சல்ஃபா மருந்தும் ஆசிட் தண்ணீரில் படிந்துபோகும்.

தீவனத்தில் போடலாமா?

பிராய்லருக்குப் போடலாம். ஃபார்மிக், புரோப்பியானிக் உப்புக் கலவை டன்னுக்கு 1 முதல் 3 கிலோ. பெல்லட் போடுபவர்கள் உப்பு வடிவத்தையே எடுங்கள், திரவ ஆசிட் சூட்டில் ஆவியாகும். பியூட்டிரேட் (பியூட்டிரிக் ஆசிட்டின் உப்பு) என்றால் பூச்சுப் போட்டதாகப் பாருங்கள். பூச்சில்லாதது மேல் குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கீழே போய்ச் சேராது. லேயர் (முட்டைக்கோழி) தீவனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல். அது ஆசிட்டை முறித்துவிடும் என்பதால் லேயருக்குத் தண்ணீர் வழிதான் என் தேர்வு.

பின்சேர்க்கை: 'அளவு சரி, ஆனாலும் பி.எச் ஏறுகிறது' என்று கோடையில் அடிக்கடி கேள்வி வருகிறது. வெயிலுக்காக டேங்கில் போடும் சோடா உப்பைப் பாருங்கள். இரண்டும் ஒன்றை ஒன்று முறிக்கும். உச்சி வெயிலில் சோடா உப்பு மட்டும் கொடுங்கள், ஆசிட்டை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். கழிச்சல் தொடங்கி, கோழி சாக ஆரம்பித்த ஷெட்டில் ஆசிட் மருந்தாகாது. செத்த கோழியை எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.