சேவல் இறகும் மூங்கில் தடியும்: வன்னிக் குளத்தில் பிளை பிஷிங் பழகுவது எப்படி

ஆடி, ஆவணியில் இரணைமடுக் குளம் வற்றத் தொடங்கினதும் ஒரு காலை அலைகரைப் பக்கம் போய் நின்று பாருங்கள். முழங்காலளவு தண்ணீருக்குள் சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டம் வட்டமாகக் குழிகள் தெரியும். திலாப்பியாவின் கூடு அது, ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் துப்பிச் செய்தது. அதற்கு மேலே அந்த மீன், உடம்பு கறுத்து, கழுத்து வெளுத்து, செட்டையின் ஓரம் சிவந்து, சுற்றிச் சுற்றிக் காவல் நிற்கும். அந்தக் குழிக்குள் மண்புழுவைப் போட்டால் பெரும்பாலும் கெளிறுதான் முதலில் வந்து கொத்தும். ஆனால் சேவலின் கழுத்து இறகைச் சுற்றிய ஒரு சின்னத் தூண்டில் முள்ளைக் குழியின் விளிம்போடு மெல்ல இழுத்துப் பாருங்கள். அந்த ஆண் மீன் திரும்பும், ஒரு கணம் நிற்கும், பிறகு பசியில் இல்லை, கோபத்தில் வந்து கவ்வும். இதெல்லாம் உங்கள் கண்ணுக்கு முன்னால் நடக்கும். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அந்த இடத்தில்தான்.

இதைத்தான் பிளை பிஷிங் என்கிறார்கள். பிளை என்றால் ஈ. முள்ளில் இறகும் நூலும் கட்டி ஈ மாதிரியோ, சின்ன மீன் மாதிரியோ, தவளை மாதிரியோ செய்வது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை) இழுத்துக்கொண்டு தூரம் போகும். இங்கே முள்ளில் பாரமே கிடையாது, ஒரு இறகை எவ்வளவு பலமாக எறிந்தாலும் காலடியில்தான் விழும். அதனால் நூலுக்கே பாரம் கொடுத்துச் செய்கிறார்கள். நாம் எறிவது நூலை. இறகு அதன் பின்னால் போகிறது. இது விளங்கிவிட்டால் மிச்சம் எல்லாம் கைப்பழக்கம்.

நம் நாட்டில் இது நுவரெலியாக் குளிருக்கும் துரைமாருக்கும் உரியது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 1880களில் தோட்டத்துரைமார் மலைநாட்டு ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதால் வந்த எண்ணம் அது. ஆனால் ஆதியில் இது ஏழை எளிய ஆட்களின் வேலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். சுமார் 1800 வருடங்களுக்கு முன் மாசிடோனியா ஆற்றங்கரையில், முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டு கட்டி, ஆறடித் தடியில் ஆறடி நூல் போட்டு மீன் பிடித்தார்கள் என்று அந்தக் காலத்து எழுத்திலேயே இருக்கிறது. ரீல் இல்லை. யப்பானின் மலை ஓடைகளில் தென்காரா என்ற முறையில் இன்றும் ரீல் இல்லாமல்தான் பிடிக்கிறார்கள், தடி நுனியில் நூலைக் கட்டி, அவ்வளவுதான். நம் வீட்டுத் தாழ்வாரத்தில் செருகியிருக்கிற மூங்கில் தடிக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

அதனால் நான் சொல்வது, முதலில் காசு செலவழிக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த, நுனி மெலிந்த 12 அடி மூங்கில் ஒன்று எடுங்கள் (நீட்டி மடக்கும் கார்பன் தடி கிடைத்தால் இன்னும் நல்லது, கை நோகாது). நூலை நீங்களே முறுக்கலாம். 10 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசியில் 14 அடித் துண்டு இரண்டு வெட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு முனையைக் கதவுக் கொளுக்கியில் கட்டி, மறுமுனையைக் கை டிரில்லில் மாட்டி, நூல் விறைத்துச் சுருளப் பார்க்கும் வரை சுற்றுங்கள். பிறகு நடுவில் பிடித்து இரண்டாக மடித்து விட்டால் அது தானே ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், ஆறடிக்குக் கிட்ட நாலு இழை நூல் கிடைக்கும், மடித்த இடத்தில் ஒரு கண்ணியும் தானாக வந்துவிடும். இதேபோல ஒற்றைத் தங்கூசியை முறுக்கி மடித்து இரண்டு இழையில் ஐந்தடி செய்து அந்தக் கண்ணியில் கோருங்கள். கடைசியாக மூன்றடி வெறும் தங்கூசி, அதன் நுனியில் பிளை. தடிப்பக்கம் பாரமும் நுனிப்பக்கம் மெலிவும் இருப்பதால்தான் வீச்சின் பலம் படிப்படியாகக் குறைந்துகொண்டு போய் இறகு தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கும். முன்னொரு காலத்தில் குதிரைவால் மயிரிலும் இப்படித்தான் முறுக்கினார்கள்.

ஒரு போகம் இப்படிப் பிடித்துப் பார்த்து, ஆசை விடவில்லை என்றால் ரீல் தடிக்குப் போகலாம். 9 அடித் தடி, 6ஆம் எண் நூல் வாங்குங்கள். இந்த எண் நூலின் முதல் 30 அடி எவ்வளவு பாரம் என்பதைச் சொல்கிறது, 6 என்றால் 160 கிரெயின், கிட்டத்தட்ட பத்தரைக் கிராம். 8 என்றால் 210 கிரெயின். தடியிலும் ஒரு எண் எழுதியிருக்கும், இரண்டும் பொருந்த வேண்டும். 8ஆம் எண் தடிக்கு 5ஆம் எண் நூல் போட்டால் தடி வளையவே வளையாது. ரீலுக்குப் பெரிய காசு போட வேண்டாம், திலாப்பியாவுக்கு அது நூல் சுற்றி வைக்கிற பெட்டி மட்டும்தான். காசை நூலுக்குப் போடுங்கள். அதுவும் வெப்பநாட்டுக்கு என்று செய்த மிதக்கும் நூலாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் குளிர்நாட்டு நூல் கிளிநொச்சி வெயிலில் இளகித் தொளதொளத்து வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். என் மாமா கனடாவில் இருந்து வரும்போது சொக்கிலேற்றுக்குப் பதில் நூல் கேட்டேன், அவரும் பாவம் தேடி வாங்கி வந்தார், ஆனால் நான்தான் இந்த விஷயம் தெரியாமல் குளிர்நாட்டு நூலைச் சொல்லிவிட்டேன். நீங்கள் சரியாகச் சொல்லி விடுங்கள்.

அடுத்தது பிளை கட்டுவது. எனக்கு இதில்தான் அரைவாசிச் சந்தோஷம். 8 அல்லது 10ஆம் எண் முள் எடுங்கள், எண் கூடக் கூட முள் சின்னதாகும். குறட்டால் முள்ளைப் பிடித்து, குறட்டின் பிடியில் றப்பர் பாண்ட் போட்டு இறுக்கினால் அதுவே பிடிகருவி. தையல் நூலை முள்ளின் கண்ணில் இருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். சேவல் இறகின் அடியில் பஞ்சு மாதிரி மெதுவாக ஒரு பகுதி இருக்கும், அதில் ஒரு கொத்துப் பிய்த்து முள்ளின் நீளத்துக்கு வாலாகக் கட்டுங்கள். தண்ணீரில் உயிருள்ளது மாதிரி அசைவது அந்த வால்தான். இனிக் கழுத்து இறகு ஒன்று, நீளமாய் ஒடுக்கமாய் இருப்பது, அதன் நுனியை வாலடியில் கட்டி விடுங்கள். கம்பளி நூலை வாலடியில் இருந்து கண் வரை சுற்றி உடம்பு செய்து கட்டுங்கள். பிறகு அந்த இறகை உடம்பின் மேல் இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று சுற்றிக்கொண்டு வாருங்கள், மயிர்க்கொட்டி மாதிரி நாலு பக்கமும் சிலிர்த்து நிற்கும். கண்ணடியில் முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ் வைத்துக் காயவிடுங்கள். இந்த வடிவத்துக்கு வூலி பக்கர் என்று பெயர், 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் என்பவர் கட்டியது, உலகத்தில் இது பிடிக்காத நன்னீர் மீன் குறைவு. பாசி மேய்கிற திலாப்பியாவுக்குக் கடும் பச்சை, கூட்டில் நிற்கிறதுக்குக் கறுப்பு அல்லது சிவப்பு. என் அனுபவம் அப்படி.

முள்ளைக் கட்டுகிற முடிச்சு சுலபம். தங்கூசியைக் கண்ணால் விட்டு, அதன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஓட்டையால் நுனியை விட்டு, எச்சில் பட நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இழுத்தால் சூடேறித் தங்கூசி பழுதாகும், பெரிய மீன் வரும் நாளில் அந்த இடத்தில்தான் அறும்.

வீச்சை வீட்டிலேயே பழகுங்கள். அறுவடை முடிந்த வயல் நல்ல இடம், முள்ளுக்குப் பதில் ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி கட்டிக்கொள்ளுங்கள். சின்ன வயதில் தடி நுனியில் களிமண் குத்தி எறிந்திருப்பீர்களே, அதே விசைதான். தடியைத் தோளுக்குப் பின்னால் வேகமாகக் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்துங்கள், மணிக்கூட்டு முள் ஒரு மணியில் நிற்கிற சரிவுக்கு மேல் சாய விட வேண்டாம். இப்போது பொறுங்கள். நூல் பின்னால் முழுவதும் நீண்டு விரியும் வரை பொறுங்கள். பழகுகிற எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான், கை அவசரப்பட்டு முன்னால் வந்துவிடும், நூல் சவுக்கு மாதிரி 'சட்' என்று அடிக்கும், கம்பளி அறுந்து போகும். திரும்பிப் பார்த்தே பழகுங்கள், வெட்கமில்லை. நூல் நீண்டதும் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் அது வளையமாக உருண்டு போய் நேராக விழும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. முதல் தரம் அந்த வளையம் சரியாக விரிந்த பின்னேரம் நான் மீனையே மறந்து இருட்டும் வரை வயலில் எறிந்துகொண்டு நின்றேன்.

காற்றுத்தான் வன்னியில் பெரிய பிரச்சினை. சோளகம் எழும்பினால் ஒன்பது மணிக்குப் பிறகு இந்த வேலை சரிவராது. விடியற்காலை போங்கள். காற்று உங்கள் இடது தோள் பக்கம் இருந்து வரும்படி நில்லுங்கள் (இடக்கைக்காரர் என்றால் மறுபக்கம்). வலப்பக்கக் காற்றில் எறிந்து எனக்கு முள் பின்கழுத்தில் ஏறியது, அதுவும் கூர் திரும்பிய முள், வெட்டித்தான் எடுத்தார்கள். அன்றில் இருந்து முள் நுனியில் பின்பக்கம் பார்க்கிற அந்தச் சின்னக் கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் கட்டுகிறேன், மீனையும் காயமில்லாமல் கழற்றலாம். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்.

இரணைமடுவில் ஒரு நாள் தோணியில் வலை எடுத்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, கோழியிறகுக்கு மீன் வருமோ?" என்று கேட்டார். மூன்றாவது வீச்சில் ஒரு திலாப்பியா வந்தது. அவர் முள்ளை வாங்கி உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார், பிறகு எந்த மருதமரத்தடியில் கூடுகள் நெருக்கம், எந்தப் பக்கம் முதலை படுக்கிறது என்று எல்லாம் சொன்னார். குளம் அவர்களுடைய சீவியம். எந்தக் குளம் என்றாலும் முதலில் அங்குள்ள நன்னீர் மீன்பிடிச் சங்க ஆட்களைக் கண்டு கேளுங்கள், வலை போட்ட இடத்தில் எறிய வேண்டாம்.

முதலை என்று சொன்னது சும்மா இல்லை. தண்ணீருக்குள் இறங்கி நிற்காதீர்கள், கரையில் இருந்தே கூடுகளுக்கு எறியலாம், பொழுதுபட முதல் வெளிக்கிடுங்கள். முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புப் பக்கம் என்றால் யானையும் இருக்கிறது. ஐப்பசி இடிமுழக்கத்தில் கார்பன் தடியைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் நிற்பது மின்னலைக் கூப்பிடுவது மாதிரி. மிதிவெடி என்று எச்சரிக்கிற மண்டையோட்டுச் சிவப்புப் பலகை எங்கே கண்டாலும் அதற்கு அப்பால் நல்ல மீன் துள்ளினாலும் போகாதீர்கள், பழகிய ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

விரால் வேறு விளையாட்டு. பழைய பாட்டா செருப்பில் விரல் அளவு துண்டு வெட்டி, முன்பக்கத்தைக் கிண்ணம் மாதிரிக் குடைந்து, பெரிய முள்ளில் ஒட்டி, இரண்டு பக்கமும் கால் மாதிரி இறகு கட்டினால் தவளை தயார். 30 இறாத்தல் தங்கூசி போடுங்கள், விராலுக்குப் பல் உண்டு. தாமரை இலைகளுக்கு நடுவில் விழுத்தி, 'பொளக்' என்று ஒரு இழுப்பு, நிறுத்தம், இன்னொரு இழுப்பு. விரால் மூச்செடுக்க மேலே வரும், அந்தக் குமிழியைப் பார்த்து எறியலாம். அடித்ததும் தடியை உயர்த்த வேண்டாம், ஒரு கணம் விட்டு, நூலைக் கையால் நேராக இழுத்துக் கொளுவுங்கள். வாய் கடினம், முள் கூராக இருக்க வேண்டும். ஆனால் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று தண்ணீர் மேல் கொதிக்கிற மாதிரி நகர்ந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும், அவற்றைப் பிடித்தால் குஞ்செல்லாம் மற்ற மீனுக்குத்தான் இரை. திலாப்பியாவில் பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், தாடை வீங்கியது வந்தால் உடனே தண்ணீரில் விடுங்கள்.

களப்பில் கொடுவா இருக்கிறது, அதற்கு 8ஆம் எண் தடி வேண்டும். ஆனால் சுண்டிக்குளம் 2015இல் இருந்து தேசியப் பூங்கா, கொக்கிளாய் சரணாலயம், கேட்காமல் போக வேண்டாம். நந்திக்கடலில் நான் தூண்டில் போடுவதில்லை. காரணம் வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் நூலைக் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள், நுளம்புக்குப் பூசுகிற மருந்து கையில் இருந்தால் கழுவிவிட்டு நூலைத் தொடுங்கள், அதன் மேற்பூச்சை அந்த மருந்து தின்றுவிடும். இறகுகளை மூடி இறுக்கமான பிஸ்கற் ரின்னில் பூச்சி உருண்டை ஒன்று போட்டு வையுங்கள். அடுத்த சேவல் அடிக்கிற நாளில் கழுத்துத் தோலை எறிய வேண்டாம் என்று வீட்டில் முதலே சொல்லி வையுங்கள், உப்புத் தடவி வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் ஒரு வருடத்துக்குக் காணும்.