ஊசிக்கு ஒரு கிலோ பருப்பு: தடுப்பூசி முகாமுக்குக் கூட்டம் வரவைப்பது எப்படி

ஊரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம் போடப் போகிறீர்களா? நோட்டீஸ் அடிக்கிற வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சொன்ன தேதியில் நர்ஸ் வந்து உட்கார வேண்டும், அதுதான் முதல் வேலை. ராஜஸ்தானில் உதய்பூர் பக்கத்துக் கிராமங்களில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் மாதாமாதம் ஒரே தேதியில் முகாம் நடத்தியது. நர்ஸ் வந்தார் என்பதற்குத் தேதியும் நேரமும் பதிந்த போட்டோ வேண்டும் என்று கறாராக இருந்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ என்ற பொருளாதார ஆய்வாளர்களின் குழு 134 கிராமங்களில் இதை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட கணக்கு இது: எதுவும் செய்யாத கிராமங்களில் எல்லா ஊசியும் போட்ட பிள்ளைகள் 6 சதவீதம், ஒழுங்கான முகாம் மட்டும் நடந்த இடத்தில் 18, முகாமோடு பருப்பும் கொடுத்த இடத்தில் 39.

ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள். அவ்வளவுதான். மொத்தமாகக் கடைசியில் கொடுக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். முதல் ஊசிக்கு எப்படியும் வந்துவிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவதில்தான் நழுவுகிறார்கள். ஊசி மேல் கோபம் ஒன்றும் இல்லை, இன்றைக்குக் கூலி போகும், ராத்திரி முழுக்கப் பிள்ளை காய்ச்சலில் அழும், சரி அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான். வராமல் போன அம்மை யார் கண்ணுக்கும் தெரியாது, பருப்பு தெரியும்.

கணக்குப் பார்க்கிறவர் 'இவ்வளவு செலவா?' என்று முறைப்பார். அவரிடம் சொல்லுங்கள்: ஐந்து பிள்ளை வந்தாலும் இருபது வந்தாலும் நர்ஸின் அன்றைய சம்பளம் ஒன்றுதான். உதய்பூரில் எல்லா ஊசியும் முடித்த ஒரு குழந்தைக்கு ஆன செலவு பருப்பு இல்லாமல் 2,202 ரூபாய், பருப்போடு 1,102.

அப்புறம், அரசுப் பணத்தையும் நினைவூட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் அரசு தவணையாகப் பணம் கொடுக்கும் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கான கடைசித் தவணை, பிறப்பைப் பதிந்து முதல் சுற்று ஊசிகளை முடித்த பிறகுதான் வரும். ஆனால் வங்கிக் கணக்கில் என்றைக்கோ விழும் பணம், கையில் வாங்கிப் போகும் பை ஆகாது, இரண்டும் இருக்கட்டும்.

பருப்பை முந்தின நாளே எடை போட்டுக் கட்டி வையுங்கள். அட்டையில் ஊசியைப் பதிந்த பிறகே கொடுங்கள், இல்லையென்றால் ஒரே பிள்ளை இரண்டு தடவை வரும். பத்துப் பொட்டலம் கூடுதலாகவே இருக்கட்டும்; தீர்ந்துவிட்டது என்று ஒருவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த மாதம் அந்தத் தெருவே வராது.