காபோவைதரேற்று: வழிகாட்டியின் அளவு உங்கள் சோற்றுக்கோப்பைக்குப் பொருந்துமா?

ஒரு நாளைய சக்தியில் 55 முதல் 75 சதவீதம் காபோவைதரேற்றிலிருந்து வரலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2003 இல் வெளியிட்ட அறிக்கை கூறியது; அமெரிக்க வழிகாட்டியோ 45 முதல் 65 சதவீதம் என்கிறது. இவை ஒரு சமூகம் முழுவதற்கும் வகுத்த எல்லைகள். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயத் தோட்டம் கொத்துபவருக்கும், நாள் முழுதும் கதிரையில் இருக்கும் சலரோகக்காரருக்கும் அவை ஒரே விதமாகப் பொருந்தா.

முதலில் மதியச் சோற்றை நிறுத்துப் பாருங்கள். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் காபோவைதரேற்று இருப்பதால், 350 கிராம் சோற்றில் மட்டும் 98 கிராம் சேர்ந்துவிடும். 2000 கலோரி தேவைப்படுபவருக்கு 55 சதவீதம் என்பது 275 கிராம். காலை இடியப்பத்தையும் இரவுப் பிட்டையும் சீனித் தேநீரையும் கூட்டிப் பாருங்கள். விரத நாட்களில் மீன் விலக, அந்த இடத்தைச் சோறும் பாயாசமும் பிடித்துக்கொள்வதால், வெள்ளிக்கிழமையைத் தனியாகக் கணக்கிடுவது நல்லது.

அடுத்து, குருதிச் சீனியை அளக்கும் குளுக்கோமீற்றரால் உண்ணுமுன் ஒருமுறையும், முதற் கவளத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து மறுமுறையும் அளந்து, மூன்று நாட்கள் கொப்பியில் எழுதுங்கள். நீரிழிவு உள்ள பெரும்பாலான வளர்ந்தோருக்கு உணவின் பின் ஒரு டெசிலீற்றர் குருதியில் 180 மில்லிகிராமுக்குக் கீழ் என்பதே வழமையான இலக்கு. அதைத் தாண்டினால், சோற்றில் மூன்றிலொரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கையிலை வறையும் அவித்த பயறும் சேர்த்து, வேறெதையும் மாற்றாமல் மீண்டும் அளவுங்கள்.

குரக்கன் பிட்டு என்றால் அளவின்றி உண்ணலாம் என்று பலர் நம்புகின்றனர். அரிசிமாவை விட அதில் நார் கூடுதல்தான். ஆனால் 100 கிராம் குரக்கன் மாவிலும் 70 கிராமளவு காபோவைதரேற்று உண்டு. வழிகாட்டிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்துவதாக நான் கருதுவது, காபோவைதரேற்றின் தரம் பற்றி 2023 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன பகுதியையே: தீட்டாத தானியம், பருப்பு வகை, நாளுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும், 25 கிராம் நார்.

இன்சுலின் ஏற்றுபவர்களும் கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் குருதிச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரக நோயுள்ளோரும் உணவை மாற்றுமுன் அந்தக் கொப்பியைக் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டி, மருந்தின் அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.