டிராகன் பழம்: வன்னி வளவில் எங்கே பிழை விடுகிறோம்?

கள்ளி இனம்தானே, எந்த வெயிலையும் தாங்கும், தண்ணீரும் தேவையில்லை என்று நம்பி நட்டவர்களின் டிராகன் பழக் கொடி முதல் ஆடி மாதத்திலேயே மஞ்சளாகிவிடுகிறது. இது பாலைவனக் கள்ளி அல்ல. மத்திய அமெரிக்கக் காடுகளில் மரம் பிடித்து ஏறி, இலை நிழலில் வளர்ந்த கொடி. உக்கிய சருகுக்குள் வேரோடும் இனம். வன்னியின் கோடையில் வெந்துபோகாமலும் மாரியில் அழுகாமலும் இதைக் காப்பதுதான் முக்கால்வாசி வேலை.

கன்றுகள் அதிகம் சாவது தண்ணீர் தேங்குவதால். முழங்காவில் பக்கத்துச் செம்மண்ணில் மழைநீர் சட்டென்று இறங்கிவிடும். வயலை அண்டிய களி வளவில் இரண்டடிக் குழி வெட்டி எரு நிரப்பி நட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் குழி பானைபோலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அடித்தண்டு கொழகொழத்து, தொட்டால் தோல் கழன்று வரும். அப்படிப்பட்ட நிலத்தில் குழியே வேண்டாம். ஒன்றரை அடி உயரம், நாலடி அகலத்தில் மேடு கட்டுங்கள்: மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. பச்சைச் சாணி சூடேறி வேரைக் கருக்கும்.

பழத்தின் விதையைப் போட்டு முளைக்கவைப்பது காலவிரயம். காய்க்கப் பல வருடம் போகும். தண்டுத் துண்டம் ஒன்றரை வருடத்துக்குள் பூக்கத் தொடங்கும். முற்றிய கரும்பச்சைத் தண்டில் ஒன்றரை அடி வெட்டி, எது மேல்முனை என்று அடையாளம் வையுங்கள். தலைகீழாக நட்டவை தேறுவது அரிது. வெட்டிய அன்றே மண்ணில் குத்தக் கூடாது. நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் கிடந்து வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டினால்தான் பூஞ்சணம் உள்ளே போகாது. பிறகு இரண்டு அங்குலம் மட்டும் ஆழமாக, தண்டின் தட்டையான பக்கம் தூணை ஒட்டும்படி நடுங்கள். பிடிவேர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. தை கடைசியும் மாசியும் நடுவதற்குத் தோதான காலம்.

தூணில் மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு அழுகிறார்கள். ஒரு தூணில் நாலு கொடி வளர்ந்து குடைபோல் விரியும்போது பாரம் நூறு கிலோவையும் தாண்டும். சாதாரணத் தடியைக் கறையான் அதற்கு முன்பே தின்றுவிடும். ஏழடிக் கொங்கிறீற் தூணை இரண்டடி புதைத்து, உச்சியில் இரண்டு கம்பியைக் குறுக்காகச் செருகி, பழைய மோட்டார் சைக்கிள் ரயரைக் கட்டுங்கள். 2020 டிசெம்பரில் புரெவி வந்ததுபோல் இன்னொரு புயல் வரத்தான் போகிறது. மேட்டு மண்ணில் மட்டும் நிற்கிற தூண் அன்றைக்குச் சரிந்துவிடும். ஆகவே இரண்டடி என்பது மேட்டுக்குக் கீழே, இறுகிய நிலத்துக்குள். தூணுக்குத் தூண் எட்டு முதல் பத்தடி இடைவெளி வேண்டும். கட்டுவதற்குத் தும்புக் கயிறோ பழைய துணிக் கீலமோ போதும். மெல்லிய கம்பி தண்டை அறுத்துவிடும்.

ரயரை எட்டும்வரை ஒவ்வொரு கொடியும் ஒரே தண்டாகத் தூணில் ஏற வேண்டும். பக்கத் தளிரை விட மனம் கேட்டால் கொடி கீழேயே பற்றையாகிவிடும். அவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளுங்கள். ரயரைத் தாண்டி ஒரு சாண் போனதும் நுனியை வெட்டினால் கிளைகள் நாலாபக்கமும் தொங்கும். பூ வருவது தொங்கும் கிளைகளில்தான்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மேற்குப் பக்கத் தண்டு முதலில் வெளிறும். அதை நோய் என்று எண்ணி மருந்து அடிக்காதீர்கள். அது வெயில் சுட்ட காயம். முதல் வருடக் கன்றுக்கு நிழல்வலையோ தென்னோலையோ மேற்கே கட்டினால் போதும். தண்ணீர் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை, கன்றுக்கு இரண்டு மூன்று லீற்றர். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஈரமிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீர்க் கிணறு என்றால் இந்தப் பயிர் வேண்டாம், உப்பை அது தாங்காது. வேர் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே படர்வதால் அடியில் மண்வெட்டி போடக் கூடாது. புல்லைக் கையால் பிடுங்கி, தண்டிலிருந்து அரையடி தள்ளி வைக்கோல் பரப்புங்கள்.

யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு கொழுக்கும், பூ வராது. கொழுத்த இளந்தண்டில் மாரிக்குத் தண்டுப்புள்ளி நோயும் ஏறும்: முதலில் உள்வாங்கிய சிறு வெளிர் புள்ளி, பிறகு பழுப்புப் பொருக்கு, அதன்மேல் ஊசிமுனை அளவில் கறுப்புப் பொட்டுகள். அந்தத் துண்டை வெட்டி எரியுங்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த கொடியைத் தொடாதீர்கள். கிளை கழிப்பதை மழை நின்ற பிறகு, தை மாதத்தில் செய்யுங்கள்.

பூத்தும் காய்க்கவில்லை என்ற முறைப்பாடு பெரும்பாலும் சிவப்புச் சதை இனம் வைத்தவர்களிடமிருந்தே வரும். பல சிவப்பு இனங்கள் தன் மகரந்தத்தில் காய் பிடிப்பதில்லை. பக்கத்தில் வெள்ளைச் சதை இனம் ஒன்றும் வையுங்கள். பூ ஒரே இரவுக்குத்தான்: பொழுதுபட்டதும் விரிந்து, காலையில் வாடிவிடும். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒரு இனத்தின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்து, மற்றதன் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முடியில் தடவுங்கள்.

பூத்து ஒரு மாதமளவில் தோல் சிவக்கும். அன்றே பறித்தால் இனிப்பிருக்காது, பறித்த பிறகு இது பழுப்பதுமில்லை. முழுதாகச் சிவந்து நாலைந்து நாள் விட்டுப் பறியுங்கள். அதற்கு மேல் விட்டு மழையும் பெய்தால் தோல் வெடிக்கும். மயிலும் அணிலும் கண்வைப்பது அந்த நாலைந்து நாளில்தான்; நிறம் மாறத் தொடங்கியதுமே காற்றுப் போகிற வலைப்பையைப் பழத்துக்குப் போட்டுக் கட்டிவிடுங்கள்.