ஃபியூல் பிரஷர் சென்சார் சர்க்யூட்: கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0193 என்று கோளாறுக் கோடு (code) வருகிறது, பக்கத்திலேயே ‘ஃபியூல் ரெயில் பிரஷர் சென்சார்’ என்ற பெயரும். இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொடுக்கும் ரெயில் என்ற குழாயில் பிரஷரை அளக்கும் சென்சார் அது. உடனே புது சென்சார் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். சிக்னல் வயரில் வரக்கூடாத வோல்டேஜ் வருகிறது என்று மட்டும்தான் இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அந்தக் கோடில் சொல்கிறது. அதற்குக் காரணம் சென்சாரா, வயரா, கனெக்டரா என்று அதற்குத் தெரியாது. அதை அளந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோடைச் சரியாகப் படிக்காமல் விடுவது அடுத்த தவறு. பி0190 என்றால் சர்க்யூட்டில் பொதுவான கோளாறு. பி0192 என்றால் சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது, பி0193 என்றால் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. பி0194 விட்டு விட்டு வரும் கோளாறு. பி0191 கொஞ்சம் குழப்பமானது: வோல்டேஜ் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் என்ஜின் இருக்கும் நிலைக்கு அந்த அளவு பொருந்தவில்லை. பி0087-ம் பி0088-ம் வேறு வகை. அவை சர்க்யூட்டைப் பற்றிய கோடுகளே இல்லை. ரெயிலில் பிரஷர் கேட்டதைவிடக் குறைவு, அல்லது அதிகம் என்கின்றன. பி0087 வந்தால் அடைத்துப்போன ஃபில்டர், சோர்ந்துபோன பம்ப், ரிட்டர்னில் அதிகமாக வழியவிடும் இன்ஜெக்டர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். சென்சார் தப்பான அளவு சொல்வதாலும் இந்தக் கோடு வரலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்து ஆரம்பிக்கக் கூடாது.

கோடைப் படித்ததும் அழித்துவிட்டு ‘திரும்ப வருதா பார்ப்போம்’ என்று வண்டியை எடுப்பதும் வேண்டாத வேலை. கோடு பதிவான நொடியில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, லோடு எவ்வளவு என்பதெல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயர்களும் என்ன செய்கின்றன

பெரும்பாலான கார்களில் இந்த சென்சாருக்கு மூன்று வயர்கள். இசியூவிலிருந்து வரும் 5 வோல்ட் சப்ளை ஒன்று, எர்த் ஒன்று, சிக்னல் ஒன்று. சிக்னல் பொதுவாக 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட் வரைதான் போகும். இரண்டு ஓரத்திலும் இடம் விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பிரஷரே இல்லாதபோதும் 0.5 வோல்ட் வந்தாக வேண்டும். அதனால் 0 வோல்ட்டோ 5 வோல்ட்டோ வந்தால் அது பிரஷரின் அளவாக இருக்க முடியாது, சர்க்யூட் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது என்று இசியூ புரிந்துகொள்கிறது. பி0192-ம் பி0193-ம் பிறப்பது இப்படித்தான்.

காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே ரெயிலிலிருந்து டீசல் போகும் வகை) வண்டி நின்று பிரஷர் முழுக்க இறங்கிய பிறகு, இக்னிஷனை மட்டும் ஆன் செய்தால் சிக்னல் 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஐடிலில் ரெயில் பிரஷர் பெரும்பாலும் 250 முதல் 400 பார் வரை இருக்கும், சிக்னலும் 1 வோல்ட்டைத் தாண்டியிருக்கும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். சில புதிய கார்களில் சென்சார் வோல்டேஜுக்குப் பதிலாக டிஜிட்டல் சிக்னல் அனுப்புகிறது. அங்கே மல்டிமீட்டர் காட்டும் வோல்டேஜுக்கும் பிரஷருக்கும் சம்பந்தம் இருக்காது. கையில் வயரிங் டயகிராம் இல்லாமல் இறங்குவதே ஒரு தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

கழற்றிப் பார்க்கும் சோதனை

அதிகம் செலவில்லாத, ஆனால் நிறையப் பேர் செய்யாத சோதனை இது. சென்சார் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, ஸ்கேனரில் சென்சார் வோல்டேஜைப் பாருங்கள். இசியூ உள்ளேயே சிக்னல் வயரின் வோல்டேஜை மேலே, 5 வோல்ட் பக்கம், இழுத்து வைத்திருக்கும் வகையானால், கனெக்டர் கழன்றதும் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், பி0193 வரும். கீழே இழுத்து வைத்திருக்கும் வகையானால் 0-வைக் காட்டும், பி0192 வரும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேலே இழுக்கும் வகையில் பி0193 வந்தால், சிக்னல் வயரோ எர்த் வயரோ அறுந்திருக்கலாம் என்பதுதான் முதல் சந்தேகம்.

அடுத்து, ஃபியூஸ் போட்ட ஜம்பர் வயரால் கனெக்டரின் சிக்னல் பின்னை ஒரு கணம் இணைத்துப் பார்க்க வேண்டும். மேலே இழுக்கும் வகையில் சிக்னலை எர்த் பின்னோடும், கீழே இழுக்கும் வகையில் சிக்னலை 5 வோல்ட் பின்னோடும் இணைக்க வேண்டும். ஸ்கேனரில் வோல்டேஜ் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தாவினால், சிக்னல் வயரும் இசியூவும் நன்றாக இருக்கின்றன. மூன்று பின்களிலும் சப்ளை, எர்த், சிக்னல் சரியாக இருந்தும் கோடு போகவில்லை என்றால் அப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம். வோல்டேஜ் அசையவே இல்லையா? எத்தனை சென்சார் மாற்றினாலும் பயன் இல்லை, வயரைத்தான் தேட வேண்டும். ஜம்பரைப் போடும் முன் எந்தப் பின் எது என்று இரண்டு தடவை சரிபாருங்கள். பேட்டரியின் 12 வோல்ட் சிக்னல் பின்னுக்குப் போனால் இசியூவே போய்விடக்கூடும்.

5 வோல்ட் சப்ளையே வரவில்லை என்றால் ‘இசியூ போச்சு’ என்று சொல்லிவிடுவது மிகப் பெரிய செலவில் முடியும் தவறு. பல கார்களில் ஒரே 5 வோல்ட் லைனை இரண்டு மூன்று சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் சப்ளை விழுந்துவிடும். நான் பார்த்த ஒரு டீசல் காரில் ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றியும் கோடு போகவில்லை, இசியூவை மாற்றச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்துக்கொண்டு அந்த லைனில் இருந்த மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஏசி பிரஷர் சென்சாரின் கனெக்டர் கழன்ற நொடியில் மீட்டர் 5 வோல்ட்டுக்கு ஏறி நின்றது. கூடவே பி0641, பி0651 போன்ற ரெஃபரன்ஸ் வோல்டேஜ் கோடுகள் இருந்தால் முதலில் இந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

அளக்கும் முறையிலும் தவறுகள் உண்டு. சென்சாரின் பின்களுக்கு நடுவே ஓம்ஸ் வைத்துப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்லக் கூடாது. அதன் உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது, அந்த எண்ணால் ஒன்றும் தெரியாது. பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை இந்த வயர்களில் வைக்கவே கூடாது. அது இழுக்கும் கரண்டை இசியூவின் சர்க்யூட் தாங்காது. நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். தடித்த புரோபைப் பின்னுக்குள் திணித்தால் பின் விரிந்துபோய், இல்லாத லூஸ் கனெக்ஷனை நாமே உண்டாக்கிவிடுவோம். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி புரோப் விட்டு அளப்பது நல்லது. வயரின் தோலைக் குத்தி அளந்தால் அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கி, பிறகு செம்பு பச்சை பூத்துவிடும்.

எர்த்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். என்ஜின் ஓடும்போது, கனெக்டர் மாட்டிய நிலையில், சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. அதற்கு மேலே ஏறினால் எர்த் பாதையில் எங்கோ தடை இருக்கிறது, சிக்னலும் அந்த அளவுக்குத் தப்பாகப் படிக்கப்படும்.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு நின்ற இடத்தில் அளந்து ‘எல்லாம் சரி’ என்று மூடிவிடாதீர்கள். என்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் பிரஷரை கிராஃபாக வைத்து, ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். பெல்ட், ஃபேன், சூடான பாகங்கள் பக்கம் கையும் சட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டில் உரசும் இடம், கிளிப் உடைந்து தொங்கும் இடம், கனெக்டருக்கு முன்னால் வயர் வளையும் இடம், இந்த மூன்றையும் நன்றாகப் பாருங்கள். கிராஃப் குதிக்கும் இடத்தில் டேப்பைப் பிரித்தால் பெரும்பாலும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டே கூடாது. என்ஜின் ஓடும்போது, அல்லது நிறுத்திய உடனே, ரெயில் பைப்பையோ சென்சாரையோ லூஸ் செய்யாதீர்கள். காமன் ரெயிலில் பிரஷர் 1600 பாருக்கு மேலும் போகும். ஊசிமுனை அளவுக் கசிவு கூட தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் அது கையையே இழக்க வைக்கக்கூடிய காயம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. பெட்ரோல் வண்டியில் தீப்பிடிக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். பிரஷரை எப்படி இறக்குவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று மேனுவலில் சொன்னபடி செய்யுங்கள். சென்சாரைக் கழற்றும் முன் சுற்றிலும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், ஒரு துளி மண் உள்ளே போனாலும் இன்ஜெக்டர் வரை போய்விடும். புது சென்சாரை மேனுவல் சொன்ன டார்க்கில் (முறுக்கும் விசை அளவில்) முடுக்குங்கள். சில கார்களில் மாற்றிய பிறகு ஸ்கேனரில் பழைய லேர்னிங் அளவுகளை ரீசெட் செய்ய வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, இசியூ கேட்கும் ரெயில் பிரஷரையும் சென்சார் காட்டும் பிரஷரையும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு அளவும் சேர்ந்து ஏறி இறங்கினால் வண்டியைக் கொடுத்துவிடலாம். மேடு ஏறும்போது கேட்டதற்கும் கிடைப்பதற்கும் இடைவெளி விழுந்தால், சர்க்யூட் சரியாகிவிட்டது, இனி பார்க்க வேண்டியது ஃபில்டரும் பம்பும்.