அமெரிக்கால அப்பா கிரெடிட் கார்டுல ஆதரைஸ்டு யூசரா (அவர் கணக்குலயே நீங்களும் கார்டு பயன்படுத்தறவரா) சேர்றது எப்படி

21 வயசு ஆகாம, சொந்த வருமானமோ கோ-சைனரோ (நீங்க கட்டலேன்னா நான் கட்டறேன்னு கையெழுத்து போடறவர்) இல்லாம தனியா கிரெடிட் கார்டு கிடைக்காது, 2009ல வந்த சட்டம் அப்படி, அதனால காலேஜ் போற பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா கார்டுல சேர்றது நல்ல வழி.

ஆனா முதல்ல அப்பாகூட உக்காந்து அந்தக் கார்டோட ஸ்டேட்மென்ட்ட எடுத்துப் பாருங்க. லிமிட் 5,000 டாலர், பாக்கி 4,500னு நின்னா 90 சதவீதம் ஆச்சு, அது உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் (உங்க கடன் வரலாறு) அப்படியே ஏறி, அத வச்சு போடற கிரெடிட் ஸ்கோர கீழ இழுத்துரும், என் தங்கச்சிக்கு இதான் நடந்துச்சு, அப்பா பாக்கிய 400க்கு கொண்டு வந்தப்புறம்தான் சரியாச்சு பாவம். லேட் பேமென்ட்டே இல்லாத பழைய கார்டா கேளுங்க.

அப்புறம் அப்பா போன்லயோ ஆப்லயோ உங்க பேர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் குடுத்து சேத்துரலாம். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன்னு கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கற மூணு கம்பெனிக்கும் உங்க பேர்ல தகவல் போகுமான்னு அப்பவே கேட்டுருங்க, சின்னப் பசங்களுக்கு எல்லா பேங்கும் அனுப்பறதில்ல.

நீங்க தேய்ச்சாலும் சட்டப்படி கட்ட வேண்டியது அப்பாதான், அத மனசுல வச்சுக்கிட்டு ஒரு காபி வாங்கினாலும் அன்னிக்கே அவருக்கு பணத்த அனுப்பிருங்க. ஒத்து வரலேன்னா பேங்க்ல சொல்லி பேர எடுத்துரலாம்.